மிளகுப் பக்கத்தின் கீழே வில்கமுவ

இளம் வயதிலிருந்தே நான் நாட்குறிப்பு எழுதுகிறேன். காலை பஸ் நேரத்துக்கு வந்ததா, சந்தையில் மரக்கறி என்ன விலை, மகளின் இருமல் குறைந்ததா, இப்படியான விஷயங்கள்தான். இலங்கையில் போர் மறுபடியும் தொடங்கிய அந்த ஆண்டின் குறிப்புகளை எடுத்துப் பார்த்தால் அதில் பஸ்ஸும் இல்லை, மரக்கறியும் இல்லை. பக்கத்துக்குப் பக்கம் ஒரே மனிதரைப் பற்றிய குறைகள். தேநீர்க் கோப்பையைக் கோப்பின் மேல் வைத்தார். விசிலடித்துக்கொண்டு வேலை செய்தார். எங்கள் தலைவர் என் மேசையைக் கடந்து அவருடைய மேசைக்குப் போனார். அதை வாசிக்கிற ஒருவர் நான் அந்த மனிதரைக் காதலித்தேன் என்றுகூட நினைக்கலாம். அது பொறாமை. வேறொன்றுமில்லை.

நான் மாத்தளை நகரத்தில் ஒரு அரசாங்க அலுவலகத்தின் புள்ளிவிபரப் பிரிவில் உத்தியோகத்தராக இருந்தேன். மாவட்டத்தின் நெல், மிளகு, மழை, பாடசாலை, ஆஸ்பத்திரி, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற லயன் அறைகள் என்று எல்லாவற்றின் எண்களும் எங்களிடம் வரும். முன்பு அவற்றை ஆண்டுக்கொரு தடவை கனமான புத்தகமாக அச்சிடுவோம். பிறகு இணையத்தளம் வந்தது. அதை முதல் பக்கத்திலிருந்து கட்டியவள் நான்.

ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'இவற்றையும் பார்க்க' என்று ஒரு சிறிய பகுதி உண்டு. வாசகரை அடுத்த பக்கத்துக்குக் கூட்டிப்போகிற இணைப்புகள் அங்கே இருக்கும். தளத்தில் நான் மிகவும் நேசித்தது அந்தப் பகுதியைத்தான். மிளகு விளைச்சலைப் பார்க்க வந்தவர் அடுத்து எதைத் தேடுவார்? மழைவீழ்ச்சி. அதற்குப் பிறகு சந்தை விலை. அவருக்குத் தேவை வருவதற்கு முன்பே அது அங்கே இருக்கும். இருக்கட்டுமே என்று நான் ஒரு இணைப்பைக்கூடப் போட்டதில்லை. ஒன்று இல்லாமல் மற்றது விளங்காது என்றால் மட்டுமே போடுவேன்.

ஒரே ஒரு இணைப்பைப் போட ஆசைப்பட்டும் போடாமல் விட்டேன். நான் சிறுமியாக இருந்தபோது, மிளகு பறிக்கிற மாதங்களில் அப்பா என்னைப் பள்ளிக்கு அனுப்பமாட்டார். ஏணி பிடிக்க ஆள் வேண்டும். எங்கள் ஊரான உக்குவளைப் பக்கத்தில் பாதி வீடுகளில் அப்படித்தான். அதனால் மிளகு விளைச்சல் அட்டவணையைத் திறந்தால் அடுத்து பாடசாலை வரவு அட்டவணையைத் திறந்து பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. பறிக்கிற மாதங்களில் வரவு இறங்கியிருக்கும். எத்தனை ஆண்டுகள் ஆனாலும் இறங்கியே இருக்கும். ஆனால் அது என் வீட்டு விஷயம் போலத் தோன்றியதால் பொதுப் பக்கத்தில் வைக்கக் கூசினேன்.

பிறகு ஒவ்வொரு கிராமப் பிரிவுக்கும் தனித்தனிப் பக்கங்கள் வேண்டும் என்று உத்தரவு வந்தது. தளம் ஒரேயடியாகப் பெருத்தது. நான் ஒரு பிரிவை முடிப்பதற்குள் இன்னொரு பிரிவின் பக்கங்கள் வந்து குவியும். பல பக்கங்கள் அடியில் ஒரு இணைப்பும் இல்லாமல் மொட்டையாக நின்றன. எங்கள் தலைவர் ஒரு சிங்கள மனிதர், சத்தம் போட்டுப் பேசாதவர். நாங்கள் எல்லோரும் அவரைச் சேர் என்போம். ஒரு கூட்டத்தில் அவர், "பாவம், மிஸ் ஒருவரால் எத்தனை பக்கத்தைத்தான் பார்க்க முடியும்?" என்றார். இரக்கத்தோடுதான் சொன்னார். எனக்கு அது கன்னத்தில் அறைந்தது போல இருந்தது.

அடுத்த வாரம் வேறு பிரிவிலிருந்து அந்த மனிதரை என் பக்கத்து மேசைக்குக் கொண்டுவந்தார். மாத்தளை நகரத்து முஸ்லிம் குடும்பம். பல தலைமுறையாகச் சரக்குக்கடை வைத்திருப்பவர்கள். என்னைவிட இரண்டொரு வயது மூத்தவர். கணினி வேலையைத் தானாகவே படித்தவர். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் நாநா, அதாவது அண்ணன். வேறு வழியில்லாமல் எனக்கும்.

முதல் நாள் என் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தவர் திரும்பிக் கேட்டார்.

"மிஸ், இந்த லிங்க் எல்லாத்தையும் ஒவ்வொண்ணா கையாலயா போட்டீங்க?"

"ஆமா. வேற எப்படிப் போடுறது?"

"மாஷா அல்லாஹ். ஒங்கட பொறுமைக்கு ஒரு மெடல் குடுக்கணும்."

"கேலி பண்றீங்களா நாநா?"

"அல்லாஹ்வே, இல்ல மிஸ். எனக்கு ரெண்டு பக்கம் செஞ்சாலே தூக்கம் வந்துரும். அதுதான் மெஷின்கிட்ட தள்ளிவிடப் பாக்குறேன்."

அவர் முதலில் செய்தது எளிமையானது. இரண்டு பக்கங்களில் ஒரே சொற்கள் அதிகம் இருந்தால் அவற்றை மெஷின் தானாகவே ஒன்றோடொன்று இணைத்துவிடும். நான் ஒரு பிரிவுக்கு ஒரு வாரம் எடுத்துச் செய்ததை, காலைத் தேநீர் வந்து கோப்பைகள் திரும்பிப் போவதற்குள் அது மாவட்டம் முழுவதற்கும் செய்து முடித்தது. நான் உடனே பிழை தேடினேன். தேடத் தேவையே இருக்கவில்லை. எல்லாப் பக்கத்திலும் 'மாத்தளை மாவட்டம்' என்ற சொற்கள் இருந்ததால் எல்லாப் பக்கமும் எல்லாப் பக்கத்தோடும் இணைந்து கிடந்தது. பிறப்புப் பதிவின் கீழே உரம், உரத்தின் கீழே தபாற்கந்தோர். அறையில் எல்லோருக்கும் கேட்கும்படி அதை வாசித்துக் காட்டினேன்.

நாநா வயிறு குலுங்கச் சிரித்தார். "கல்யாண வீட்டுல போல எல்லாரும் எல்லாருக்கும் சொந்தமாகிட்டாங்க!" என்றார். அன்று பின்னேரத்துக்குள், எல்லா இடத்திலும் வருகிற சொற்களைக் கணக்கில் எடுக்காதே என்று மெஷினுக்குச் சொல்லி அதைச் சரிசெய்துவிட்டார். ஒரு வாரமாவது திண்டாடுவார் என்று எதிர்பார்த்திருந்தேன். பிழை வெளியே தெரிந்ததற்கே வெட்கப்படாத ஒரு மனிதரிடம் என்ன செய்வது?

அதன் பிறகு ஒவ்வொன்றாக என் கையைவிட்டுப் போனது. கொழும்பிலிருந்து வருகிற தொலைபேசி அவரைக் கேட்டது. எல்கடுவப் பக்கத்துத் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிற ஒரு ஆசிரியர் மாணவர்களின் செயற்திட்டத்துக்கு எண் கேட்டு என்னிடம்தான் வருவார். அவரும் ஒரு நாள் என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு நேராக நாநாவின் மேசைக்குப் போனார். போகும்போது, "மிஸ் பிஸியா இருக்கீங்க போல, தொந்தரவு பண்ணல" என்றார். நான் பிஸியாக இல்லை.

வீட்டில் என் கணவருக்கு இது பெரிய விளையாட்டாகிவிட்டது. அவருக்கு அச்சகத்தில் வேலை. கையில் மை போகக் கழுவிக்கொண்டே கேட்பார்.

"இன்னைக்கு நாநா என்ன செஞ்சாரு?"

"அவரப் பத்தி நான் ஒன்னுமே சொல்லலையே."

"இன்னும் சொல்லலன்னு சொல்லு. சோறு போடுறதுக்குள்ள சொல்லிருவ."

"ஒங்களுக்கு எல்லாம் கேலி."

"எனக்கு என்ன கேலி? என் பொண்டாட்டி வேற ஒருத்தர நெனச்சுக்கிட்டே இருக்கா. நான்ல கவலப்படணும்."

மகள் சிரிப்பாள். நான் சோற்றைப் போட்டுவிட்டுச் சொல்லத்தான் செய்வேன்.

விளையாட்டாக இல்லாமல் போனது சேர் எங்கள் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்ட நாளில். வில்கமுவையில் இருந்த எங்கள் கிளைக்கு ஒரு புள்ளிவிபர உத்தியோகத்தர் தேவைப்பட்டார். "இணைப்பு வேலையை இனி மெஷின் பார்த்துக்கொள்ளும். தளத்துக்கு இங்கே ஒருவர் போதும். உங்களில் ஒருவர் அங்கே போகவேண்டியிருக்கும். யோசித்துச் சொல்கிறேன்" என்றார்.

வில்கமுவ எங்கள் மாவட்டம்தான். ஆனால் கிழக்கு மூலையில், மகாவலிப் பக்கத்தில், வயலும் காடுமான இடம். பஸ் மாறிப் போகவேண்டும், வருகிற பஸ்ஸும் எப்போதாவதுதான். அந்த நாட்களில் வழியில் சோதனைச் சாவடிகளில் இறங்கி அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நடக்கவேண்டும். அட்டையில் தமிழ்ப் பெயர் இருப்பவர்களுக்கு அந்த வரிசை கொஞ்சம் நீளம். கிழமை நாட்களில் அங்கேயே அறை எடுத்துத் தங்காமல் முடியாது. மகள் அந்த ஆண்டு உயர்தரப் பரீட்சை எழுத இருந்தாள். இவையெல்லாம் காரணங்கள்தான், எல்லோரிடமும் இவற்றைத்தான் சொன்னேன். நெஞ்சில் முள்ளாக நின்ற காரணம் வேறு. நான் போனால் தளம் முழுவதும் அவர் கைக்குப் போய்விடும்.

நாநாவுக்கும் போக விருப்பமில்லை. "வாப்பா கடைல தனிய ஈக்கார், நான் எப்படிப் போற?" என்று, இருக்கிறார் என்பதை ஈக்கார் என்கிற தன் பேச்சில், தட்டச்சுப் பெண்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர்கள் அவருக்காக உச்சுக்கொட்டினார்கள். எனக்காக யாரும் உச்சுக்கொட்டியதாக நினைவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அவர் இரண்டாவது முறையைக் கொண்டுவந்தார்.

"சொல்லுல பொருத்தம் பாக்குறது போதாது மிஸ். வாசிக்கிற ஆள் என்ன செய்றார்ன்னு பாக்கணும். மிளகுப் பக்கத்தப் பாத்தவர் அடுத்து எங்க போறாரோ, மெஷின் அத எண்ணிக்கிட்டே ஈக்கும். ஆகக் கூடுதலா எங்க போறாங்களோ அது லிங்கா வந்து மேல நிக்கும். நாங்க ஒண்ணும் செய்யத் தேவல்ல."

"ஆளுங்க பிழையா போனா?"

"எல்லாரும் ஒரே பிழைய செய்ய மாட்டாங்களே மிஸ்."

நான் விடவில்லை. தினமும் காலையில் தளம் முழுவதையும் ஒரு சுற்றுப் பார்ப்பது என் பழைய வழக்கம். நெல், மழை, மிளகு, பாடசாலை, சந்தை என்று எனக்கென்று ஒரு வரிசை உண்டு. அதோடு இப்போது இன்னொரு சுற்றும் சேர்ந்தது. மெஷின் போட்ட பிழையான இணைப்புகளைத் தேடுவேன். கிடைத்தால் அழுத்திப் பார்ப்பேன், திரும்பி வருவேன், யாராவது மேசைப் பக்கம் வந்தால் அவர்களுக்கு மறுபடியும் அழுத்திக் காட்டுவேன்.

"இங்க பாரும்மா, கால்நடை வைத்தியத்துக்குக் கீழ நூலக அங்கத்தவர். இது ஒரு லிங்கா?"

"மிஸ், நேத்தும் இதத்தானே காட்டினீங்க" என்றாள் ஒரு தட்டச்சுப் பெண்.

"இன்னும் போகலைன்னுதான் காட்டுறேன்."

போகவில்லை. நாளுக்கு நாள் மேலே ஏறி வந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

இடையிடையே வேறு ஒன்றும் செய்தேன். இடமாற்றப் பயம் வருகிறபோதெல்லாம், எந்தப் பக்கத்தில் இருந்தாலும், வில்கமுவைப் பக்கங்களைத் திறந்துவிடுவேன். பஸ் சேவை. கிராமிய வைத்தியசாலை. பாம்புக்கடி நோயாளர். காட்டு யானையால் சேதமான வீடுகள். இன அடிப்படையில் சனத்தொகை. அதில் எங்கள் ஆட்களுக்குரிய கட்டத்தில் இருந்த சின்ன எண்ணை அடிக்கடி போய்ப் பார்ப்பேன், அது கூடியிருக்கும் என்பதுபோல.

சில வாரங்களில் ஒரு வேடிக்கை நடந்தது. தளத்தில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அடியில் வில்கமுவ வந்து நின்றது. மிளகு விளைச்சலின் கீழே வில்கமுவைப் பாம்புக்கடி. தேர்த் திருவிழாக் காலப் பயணிகள் என்ற பக்கத்தின் கீழே வில்கமுவைப் பஸ் சேவை. தட்டச்சு அறையில் சிரிப்பு அடங்கவில்லை.

"நாடே வில்கமுவைக்குக் குடி போகப் போகுதா?"

"அங்க ஏதும் மாணிக்கம் கிடைச்சிருக்கோ?"

"மாணிக்கம் இல்லடி, பாம்பு. பாம்பப் பாக்கத்தான் இவ்வளவு பேரு."

நானும் சிரித்தேன். மெஷின் கெட்டுவிட்டது, இனிச் சேரே அதை நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். சேரோ பூரித்துப்போனார். "பார்த்தீர்களா? மக்கள் எதைத் தேடுகிறார்கள் என்று நமக்கு இத்தனை நாள் தெரியாமல் இருந்திருக்கிறது. வில்கமுவைமீது இவ்வளவு ஆர்வம்!" என்று கூட்டத்தில் சொன்னார். நாநாவின் முறையைக் காண மாகாண அலுவலகத்திலிருந்து ஒரு அம்மையாரை அழைத்தும்விட்டார். கூட்டத்தில் எல்லோரும் நாநாவைப் பார்த்தார்கள். அவர் மட்டும் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு யோசனையில் இருந்தார்.

அடுத்த நாள் மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் போன பிறகு தன் கதிரையை இழுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மிஸ், கோவிச்சுக்காதீங்க. வில்கமுவைல ஒங்களுக்குச் சொந்தக்காரங்க யாரும் ஈக்காங்களா?"

"இல்லையே. ஏன் கேக்குறீங்க?"

"இல்ல, மெஷின்ட கணக்கத் திறந்து பாத்தேன். வில்கமுவையத் தேடுற ஆளுக எல்லாருக்கும் சேத்து ஒரே ஒரு கம்ப்யூட்டர்தான் ஈக்கி." என் கணினியின் தலையில் மெதுவாகத் தட்டினார். "இந்தா, இதுதான்."

நான் திரையில் திறந்திருந்த பக்கத்தை மூடினேன்.

"எங்கட தளத்துக்கு ஆளுக வாரது கொறவு மிஸ். வாரவங்களும் ஒரு பக்கத்தப் பாத்துட்டுப் போயிருவாங்க. ஒண்ணுல இருந்து ஒண்ணுக்குப் போறது நீங்க மட்டும்தான். பிழைன்னு காட்ட நீங்க அந்த லிங்க அழுத்துற நேரமெல்லாம், இது ரொம்ப நல்ல லிங்க்ன்னு மெஷின் எண்ணிக்கிட்டு ஈந்தீக்கி."

முகம் எரிந்தது. "அப்ப சேர்கிட்ட போய்ச் சொல்லுங்க."

"சொன்னா என்ட வேலயும் சிரிப்பு, நீங்களும் சிரிப்பு. ஆபீஸ் ஆளுக பாக்குறத எண்ணாம விடணும். அது நான் முதலே செஞ்சீக்கணும், மறந்துட்டேன். மாகாணத்துல இருந்து வாரவங்க வந்துட்டுப் போகட்டும். பொறகு ஒங்கட மெஷின கணக்குல இருந்து கழிச்சிட்றேன். ஒருத்தருக்கும் தெரியவராது."

நியாயமான யோசனை. சரி என்றேன். ஆனால் அவர் எழுந்துபோன பிறகு நெஞ்சில் வேறொன்று ஊறத் தொடங்கியது. நான் இத்தனை நாள் எரிச்சலோடு பார்த்த அந்த இணைப்புகளில் பாதி என் காலைச் சுற்றின் வரிசை. நெல்லின் கீழே மழை, மழையின் கீழே மிளகு. நான் ஆண்டுக்கணக்கில் நடந்து பதித்த தடம். மெஷின் அதைப் பார்த்து எழுதிக்கொண்டது. பெயர் அவருக்கு. என்னுடைய பொருளைக் குறித்தே நான் இன்னொருவரிடம் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தேன் என்று தெரிந்தால் பொறாமை குறையவேண்டும். எனக்கு இரட்டித்தது.

மாகாண அம்மையார் வந்தார். கூட்டறையில் சுவரில் தளத்தைப் பெரிதாகக் காட்டினார்கள். பேச்சு முழுவதும் சிங்களத்தில். நாநா நன்றாகவே விளக்கினார். அம்மையார் தானே பார்க்கவேண்டும் என்று சொல்லி, மிளகு விளைச்சல் பக்கத்தைத் திறந்து, அடியில் இருந்த இணைப்புகளை வாசித்தார். மழைவீழ்ச்சி. வில்கமுவைப் பாம்புக்கடி, அதற்குச் சிரித்தார். மூன்றாவதாகப் பாடசாலை வரவு. அதைத் திறந்தார். உக்குவளையின் எண்களைப் பார்த்தார். மறுபடி மிளகுக்குப் போனார், மறுபடி பாடசாலைக்கு வந்தார். சிரிப்பு போய்விட்டது.

"பறிக்கிற மாதங்களில் பிள்ளைகள் குறைகிறார்கள்" என்றார். "இதை யாராவது எழுதியிருக்கிறார்களா? இந்த இரண்டையும் பக்கத்தில் வைக்க யாருக்குத் தோன்றியது?"

"மெஷினுக்குத்தான்" என்றார் சேர் பெருமையோடு. "அதாவது, எங்களுடைய இவர் செய்த மெஷினுக்கு."

"அதுதானே. மனிதர்களுக்கு இது தோன்றாது."

நாநா தாடையைத் தடவிக்கொண்டு நிலத்தைப் பார்த்தார். ஒரு கணம் என்னைப் பார்த்தார். பேசாமல் இரு என்று கெஞ்சுகிற பார்வை அது. மற்ற எந்த இணைப்பு என்றாலும் பேசாமல் இருந்திருப்பேன். நெல்லை எடுத்துக்கொள்ளட்டும், மழையை எடுத்துக்கொள்ளட்டும். இது அப்பாவின் ஏணி. நானே கூச்சப்பட்டு வெளியே வைக்காதது. எழுந்து நின்றுவிட்டேன்.

"மெஷின் கண்டுபிடிக்கவில்லை, மேடம். நான் தினமும் மிளகைப் பார்த்துவிட்டுப் பாடசாலையைப் பார்ப்பேன். மெஷின் நான் போகிற வழியைத்தான் எண்ணியிருக்கிறது. இந்தத் தளத்தில் அப்படிப் போகிற ஆள் நான் மட்டும்தான்."

அம்மையார் என்னை மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். சேர்தான் முதலில் பேசினார்.

"அப்படியென்றால் வில்கமுவையும் நீங்களா, மிஸ்?"

இல்லை என்றால் மிளகும் என்னுடையதில்லை என்றாகிவிடும்.

"அதுவும் நான்தான்."

சேரின் முகம் மலர்ந்த விதத்தை என்னால் மறக்க முடியாது. "மிஸ்! இவ்வளவு விருப்பம் இருந்தால் முதலிலேயே சொல்லியிருக்கலாமே! யாரை அனுப்புவது, யார் மனம் நோகும் என்று நான் எவ்வளவு கவலைப்பட்டேன்! தினமும் பார்க்கிறீர்கள், பஸ் நேரம்வரை பார்த்திருக்கிறீர்கள், ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கள் மிஸ் எப்போதும் இப்படித்தான், மேடம், தனக்கென்று எதையும் கேட்கமாட்டார்."

நாநா எழுந்தார். "சேர், மிஸ் பார்த்தது விருப்பத்தில் இல்லை, அது வந்து..."

நான் தமிழுக்கு மாறினேன். "எனக்காக நீங்க பேச வேணாம் நாநா."

அவர் உட்கார்ந்துவிட்டார். அந்த வாக்கியத்தை அவர் முடித்திருந்தால் நான் மாத்தளையில் இருந்திருப்பேன். அவரால் காப்பாற்றப்பட்டவளாக, அவருடைய பக்கத்து மேசையில்.

இடமாற்றக் கடிதம் அந்தக் கிழமையே வந்தது. கணவர் அதை வாசித்து மடித்து மேசையில் வைத்தார். அன்று கேலி இல்லை.

"அந்த மனுஷன் பேச வந்தாருல? விட்டிருக்கலாமே."

"விட்டிருக்கலாம்."

"பின்ன ஏன் விடல?"

"தெரியலங்க."

"தெரியும். சொல்ல மாட்ட" என்றார். மகளிடம் இனி வெள்ளிக்கிழமைதான் அம்மா வருவாள் என்று அவரே சொன்னார்.

கடைசி நாளில் மேசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தபோது நாநா பக்கத்தில் வந்து நின்றார்.

"ஒங்கட மெஷின கணக்குல இருந்து கழிச்சிட்டேன் மிஸ். ஆனா அந்த மிளகு, ஸ்கூல் லிங்க மட்டும் கையால போட்டு வெச்சீக்கேன். அது போகாது."

"நீங்க கையால லிங்க் போட மாட்டீங்கன்னுல சொன்னீங்க."

"ஒண்ணே ஒண்ணுதானே. தூக்கம் வரல்ல" என்று சிரித்தார்.

நன்றி என்று சொன்னேன். எரிச்சலாக இருந்தது. நான் இத்தனை ஆண்டுகள் கூசிக்கொண்டிருந்த ஒரு காரியத்தை அவர் போகிறபோக்கில், நல்ல மனதோடு செய்துவிட்டார். கெட்ட மனதோடு செய்திருந்தால் வெறுப்பதற்கு வசதியாக இருந்திருக்கும்.

வில்கமுவைக்கு முதல் நாள் போய்ச் சேரும்போது முற்பகலாகிவிட்டது. பஸ்ஸிலிருந்து இரண்டு இடங்களில் இறக்கி ஏற்றினார்கள். கிளையின் பொறுப்பதிகாரி வாசலுக்கே வந்து வரவேற்றார். வயல் வேலைக்காரர் போலக் கறுத்துத் திரண்ட மனிதர். உள்ளே கூட்டிப்போய் எல்லோருக்கும் அறிமுகம் செய்தார்.

"இவர்தான் தானாகவே விரும்பி நம் ஊருக்கு வந்த மிஸ். கம்ப்யூட்டர், இணையத்தளம், எல்லாம் தெரிந்தவர். இனி நம் பிரிவின் எண்களை இவர் பார்த்துக்கொள்வார்."

அறையில் இருந்தவர்கள் புன்னகைத்தார்கள். யன்னலோரத்தில் நல்ல வெளிச்சம் விழுகிற ஒரு மேசை. அதில் என் வயதை ஒத்த ஒரு சிங்களப் பெண் உட்கார்ந்திருந்தார். முன்னால் கோடு போட்ட பெரிய தாள்கள், கூராகச் சீவிய பென்சில்கள், கிராமம் கிராமமாக முதுகில் பெயர் ஒட்டிய கோப்புகள். இதுவரை அந்தப் பிரிவின் எண்களைப் பார்த்தவர் அவர்தான் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

"அந்த மேசையை மிஸ்ஸுக்குக் கொடுங்கள், கம்ப்யூட்டர் வயர் அங்கேதான் வருகிறது" என்றார் பொறுப்பதிகாரி.

அந்தப் பெண் எழுந்து கோப்புகளை எடுத்தார். ஒரேயடியாக அள்ளவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து, ஓரத்தைத் தட்டிச் சமப்படுத்தி, சுவரோரம் இருந்த சிறிய மேசைக்குக் கொண்டுபோனார். நான் உதவிக்குக் கை நீட்டினேன். "வேண்டாம், வரிசை குழம்பும்" என்றார். ஒரு தடவை நிமிர்ந்து என் கைப்பையை, செருப்பை, முகத்தை வரிசையாகப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் புதிதல்ல, நாநாவை நான் பார்த்த பார்வை.

"இந்த மேசைக்கு மின்விசிறிக் காற்று வராது" என்றார் சிங்களத்தில்.

"பரவாயில்லை" என்றேன்.

கடைசிக் கோப்பையும் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பி வந்தார். ஒரு துணியால் மேசையை மூலைவரை நன்றாகத் துடைத்தார். எனக்காகத் துடைக்கவில்லை. அவர் துடைத்து முடிக்கும்வரை நான் உட்காராமல் நின்றேன்.